அந்த ஒலிநாடாக்களை முழுதாகக் கேட்கத் தாருங்கள்

சோனி மியூசிக் நிறுவனத்தில் பிங்க் ஃபிளாய்ட் பதிவுகளுக்குப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்கு,

வணக்கம்.

2024 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவு உரிமைகளை வாங்கினீர்கள். விலை சுமார் 40 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. 1973 முதல் உலகமே வாங்கிக் கேட்ட நான்கைந்து ஆல்பங்கள்தான் அந்த விலைக்குக் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றை நீங்கள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1967 முதல் 1972 வரை இந்தப் பிரிட்டிஷ் ராக் குழு மேடைகளில் வாசித்தவற்றின் பதிவுகளுக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அந்த ஆறு ஆண்டுகளில் பிங்க் ஃபிளாய்டின் இசை பிறந்த இடம் ஸ்டுடியோ அல்ல, மேடை. ‘எம்ப்ரியோ’ என்ற பாடலைப் பாருங்கள். 1968இல் ஸ்டுடியோவில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவு செய்து பாதியிலேயே விட்டுவிட்டார்கள். அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் அது இடம்பெறவில்லை. ஆனால் 1970, 71 கச்சேரிகளில் அதே பாடல் பத்து நிமிடங்களைத் தாண்டி, சில இரவுகளில் இருபதையும் தாண்டி விரிந்தது. குழுவின் டேவிட் கில்மோர் கித்தாரில் கடற்பறவைகள்போல் கத்தும் ஒலியை எழுப்புவார், பின்னணியில் குழந்தைகளின் குரல்கள் நாடாவிலிருந்து வரும். ஆல்பங்களை மட்டும் கேட்டவருக்கு இப்படி ஒரு பாடல் இருந்ததே தெரியாது.

‘கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்’ என்ற அந்தப் புகழ்பெற்ற உருப்படியும் அப்படித்தான். ஒரே சுரத்தைச் சுற்றி வரும் அதை 1968இல் ‘கீப் ஸ்மைலிங் பீப்பிள்’ என்றும் ‘மர்டராட்டிக் உமன்’ என்றும் வேறு வேறு பெயர்களில் வாசித்தார்கள். சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் அது ஆறு நிமிடம்கூட இல்லை. 1969இல் வந்த ‘உம்மகும்மா’ ஆல்பத்தின் மேடைப் பதிவில் ஒன்பது நிமிடத்தை நெருங்குகிறது. ‘எக்கோஸ்’ என்ற பாடல் 1971 ஏப்ரல் 22 அன்று நாரிச் நகரில் முதன்முதலாக மேடையேறியபோது அதற்கு அந்தப் பெயரே இல்லை. நேற்றுப் பாடியதை இன்று அப்படியே திருப்பிப் பாடாத வித்வான்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மனோதர்மம் என்று அதற்குச் சொல்லும் வைத்திருக்கிறோம். ஒரு பாடகரின் பெருமையை இசைத்தட்டை வைத்து மட்டும் யாரும் எங்களிடம் அளக்க மாட்டார்கள். இந்தக் குழுவையும் அப்படி அளக்கக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

நான் இந்த இசைக்குள் வந்ததே ஒரு நண்பர் நகலெடுத்துத் தந்த ஒலிநாடா வழியாகத்தான். 1969 செப்டம்பர் 17 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் அரங்கில் நடந்த கச்சேரி அது. நெதர்லாந்து வானொலி ஒலிபரப்பியதால் பிழைத்த பதிவு. எத்தனையாவது நகல் என்று தெரியாது, இரைச்சல் இசையைவிடச் சில இடங்களில் ஓங்கி நின்றது. அன்று இரவு அவர்கள் ஒரு மனிதனின் ஒரு நாளையும், பிறகு ஒரு பயணத்தையும் இரண்டு பகுதிகளாக வாசித்தார்கள். நடுவே மேடையில் மரத்தை அறுக்கிறார்கள், சுத்தியலால் அடிக்கிறார்கள். அந்த ரம்பத்தின் சத்தம் தாளமாக மாறுவதை இருட்டில் படுத்தபடி முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பரில் வெளியான ‘தி எர்லி இயர்ஸ்’ பெட்டியில் அதே இரவு துல்லியமான ஒலியில் வந்தது. அந்தப் பெட்டியை உருவாக்கியவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு. 27 வட்டுகள் கொண்ட பெரிய வேலை அது. ஆனால் அதன் விலை பெரும்பாலான ரசிகர்களுக்கு எட்டாதது. மறு ஆண்டு தொகுதிகளைத் தனித்தனியே விற்றபோதும் ஏழாவது தொகுதி பெட்டியை வாங்கியவர்களுக்கு மட்டும் என்றே நின்றுவிட்டது.

அதே பெட்டியில்தான் ஸ்டாக்ஹோம் பதிவும் இருக்கிறது. 1967 செப்டம்பர் 10, முதல் பாடகரும் கித்தார் கலைஞருமான சிட் பாரெட் குழுவில் இருந்த காலம். அவர் குரல் ஏறக்குறையக் கேட்கவே இல்லை. கித்தாரும் ஆர்கனும் முழங்க, அவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒரு மனிதர் பாடுகிறார் என்று ஊகிக்கத்தான் முடிகிறது. இருந்தும் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதுதான் சரி. பாரெட் மேடையில் என்ன செய்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்றுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர் 2006இல் மறைந்தார், குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் 2008இல் மறைந்தார். குரல் கேட்காத நாடாவும் இனி நமக்குப் பொக்கிஷம்தான்.

2021 டிசம்பரில் நடந்தது வேறு மாதிரி. அப்போது உரிமை உங்களிடம் இல்லை, ஆகவே இது உங்கள் மீதான புகார் அல்ல. 1970 முதல் 72 வரையிலான பத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் முன்னறிவிப்பு ஏதுமின்றி இணைய இசைச் சேவைகளில் தோன்றின. பார்வையாளர் பகுதியில் யாரோ பதிவு செய்த நாடாக்களும் அவற்றில் இருந்தன. யார் பதிவு செய்தார், எங்கே உட்கார்ந்திருந்தார், எத்தனையாவது நகல், வேகம் திருத்தப்பட்டதா என்ற ஒரு வரிக் குறிப்பும் இல்லை. ஏன் டிசம்பர் என்பது சட்டம் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் வெளியிடப்படாத ஒலிப்பதிவுக்கான உரிமை, அது பதிவான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகளில் காலாவதியாகும். அதற்குள் வெளியிட்டுவிட்டால் 70 ஆண்டுகள் கிடைக்கும். உரிமையைக் காப்பாற்றும் சடங்குக்கு எதற்குக் குறிப்பும் விளக்கமும் என்று நினைத்திருப்பார்கள்.

என் அச்சம் இங்கேதான் தொடங்குகிறது. 1967 முதல் 72 வரை பதிவாகி இன்னும் வெளிவராமல் இருப்பவற்றுக்கு அந்த 50 ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது. பாடல்களின் உரிமை வேறு, அது நீடிக்கிறது. ஆனால் அந்த நாடாக்களை வெளியே கொண்டுவரச் சட்டம் இனி யாரையும் அவசரப்படுத்தாது. அவசரம் போனபின் அக்கறையும் போய்விடுமோ என்று பயப்படுகிறேன்.

அந்தப் பயம் வீணானது அல்ல. 1967 ஜூலையில் பிபிசி தொலைக்காட்சியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ இசை நிகழ்ச்சியில் அவர்கள் மூன்று முறை தோன்றினார்கள். பிபிசி ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் வீட்டில் பதிவு செய்த, சிதைந்துபோன நாடா ஒன்று மட்டும் பின்னாளில் கிடைத்து, 2010இல் லண்டனில் திரையிடப்பட்டது. இத்தாலியின் பொம்பெயி இடிபாடுகளில் 1971இல் எடுத்த கச்சேரிப் படத்தை 2025இல் நீங்களே புதுப்பொலிவுடன் வெளியிட்டீர்கள். அதன் மூல நெகட்டிவ், குழுவின் சொந்தச் சேமிப்பிலேயே, குழப்பமான பெயர் ஒட்டிய ஐந்து பெட்டிகளுக்குள் கிடந்தது. பெயர்ச்சீட்டு சரியாக இல்லாவிட்டால் கைவசம் இருப்பதும் தொலைந்ததாகவே ஆகிவிடும்.

‘உம்மகும்மா’வின் உறையையே எடுத்துப் பாருங்கள். மேடைப் பகுதி 1969 ஜூனில் பதிவானது என்று அதில் அச்சிட்டிருக்கிறது. உண்மையில் பர்மிங்ஹாமின் மதர்ஸ் கிளப்பில் ஏப்ரல் 27 அன்றும், மான்செஸ்டர் வணிகக் கல்லூரியில் மே 2 அன்றும் பதிவானவை அவை. மற்ற எந்தப் பதிப்பிலும் இல்லாத உக்கிரத்தோடு ‘ஆஸ்ட்ரோனமி டொமினி’ ஒலிக்கும் அந்தத் தட்டுக்கே இந்தக் கதி.

இதைச் சரியாகச் செய்ய முடியும் என்று நீங்களே காட்டியும் இருக்கிறீர்கள். ‘விஷ் யு வேர் ஹியர்’ ஆல்பத்தின் 50ஆம் ஆண்டுப் பதிப்பில், 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் மைக் மில்லார்ட் பதிவு செய்த கச்சேரியைச் சேர்த்தீர்கள். அனுமதியில்லாமல் பதிவு செய்த ரசிகர் அவர். ஒலிப்பதிவுக் கருவியை அரங்குக்குள் கொண்டுபோகச் சக்கர நாற்காலியில் அமர்ந்து போவார் என்பது ரசிகர்களிடையே பரவலாகப் பேசப்படும் செய்தி. இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் அந்த நாடாவைச் செப்பனிட்டார், மில்லார்டின் பெயரை நீங்கள் மறைக்கவில்லை. அதே மரியாதையை 1970இலும் 71இலும் குளிர்ந்த கூடங்களில் மடியில் கருவியை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களுக்கும் தாருங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கச்சேரிகளை முழுதாக, வாசித்த வரிசையில், வெட்டாமல் வெளியிடுங்கள். சுருதி கூட்டுவதும் இருமலும் இருக்கட்டும். 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டனில் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ முதன்முறையாக மேடையேறியபோது ‘மணி’ பாடலில் கருவிகள் கோளாறாகி நின்றுபோனது. மறுநாள் போர்ட்ஸ்மத்தில்தான் முழுதாக வாசித்தார்கள். ஆல்பம் வெளிவர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. பின்னால் ஆல்பத்தில் சிந்தசைசரின் சுழற்சியாக மாறிய ‘ஆன் த ரன்’ பகுதி அன்று கித்தாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்தும் வாசிப்பாக இருந்தது. அந்த ஓராண்டை வரிசையாகக் கேட்க முடிந்தால், ஒரு படைப்பு உருவாவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததற்குச் சமம்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று அரங்கின் எதிரொலியையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவுடனும் நாள், இடம், மூலம், செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதுங்கள். விற்பனைக்கு உதவாது என்று தோன்றுபவற்றின் பிரதியைப் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக் காப்பகத்துக்காவது கொடுங்கள். ரசிகர்களிடம் இன்னும் முதல் நாடாக்கள் இருக்கின்றன. வைத்திருப்பவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வழக்குப் போட மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்து, இந்த ஆண்டே அவர்களைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஆம்ஸ்டர்டாம் நாடாவை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு ரசிகன்