வெயிலும் வெள்ளித் துணிக்கையும்

கிளிநொச்சி,
ஆவணி.

அன்பு மச்சான்,

மூத்தவளுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டதென்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவவுக்குச் சரியான சந்தோசம். இங்கே சோளகம் இன்னும் ஓயவில்லை, இரணைமடுக் குளத்தில் தண்ணி இறங்கிக்கொண்டு போகிறது.

வெயிலால் ஐதரசன் எடுப்பது வன்னிக்குச் சரிவருமா என்று கேட்டாய். நீ நினைப்பது தண்ணீரைப் பிரிக்கிற வேலை. நான் இப்போது இரவிரவாக வாசிப்பது வேறு: ஐதரசனை ஒரு சேர்வைக்குள் முதலே கட்டி வைத்துவிட்டு, தேவைப்படும் நேரம் ஒளியைக் கொண்டு அவிழ்ப்பது. வாயுவாக வாகனத்தில் வைக்க 700 பார் அமுக்கம் வேணும். திரவமாக என்றால் மறை 253 பாகை செல்சியசுக்குக் குளிர வைக்க வேணும். அப்படிக் கட்டி வைக்கிற சேர்வைகளில் ஒன்றான போமிக் அமிலமோ, தெற்கில் றப்பர்ப் பாலை உறைய வைக்க ஊற்றுகிற அதே சாமான், பிளாஸ்ரிக் கானில் நிற்கும். ஒரு லீற்றருக்குள் 53 கிராம் ஐதரசன். ஐதரசனிலிருந்து மின் எடுக்கிற கருவியான எரிபொருட்கலம் அதன் சக்தியில் பாதியை மட்டும் மின்னாக்கினாலும் 9 வாற்று எல்.இ.டி. குமிழ் 90 மணித்தியாலத்துக்கு மேல் எரியும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு இது சின்ன விசயமா?

அமிலத்தைப் பிரிக்கிற ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை வேகப்படுத்துகிற சாமான், பலேடியம் என்ற உலோகத்தின் நனோ துணிக்கை, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னன். அதைக் காபன் நைத்திரைட்டு என்ற மஞ்சள் தூளில் பதித்தால், ஒளி பட்டதும் தூளிலிருந்து இலத்திரன்கள் உலோகத்துக்குப் போகும். அறை வெப்பநிலையிலேயே ஐதரசனும் காபனீரொட்சைட்டும் வேகமாக வெளிவரும். வழி மாறிக் காபனோரொட்சைட்டு வந்தால் எரிபொருட்கலத்தின் பிளாற்றினம் கெட்டுப்போகும். அதனால் வேகத்தைவிட, எந்த வழியால் பிரிகிறது என்பதுதான் எனக்குப் பெரிசு.

பொன்னும் வெள்ளியும் ஒளியைத் தாங்களே பிடிக்கும். உயர்தரப் பிள்ளைகளோடு வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொதிக்க வைத்து, சோடியம் சித்திரேற்றைத் துளித்துளியாக விட்டோம். தெளிந்த நீர் மெல்ல மெல்ல மஞ்சளாகியது. துணிக்கையின் இலத்திரன்கள் ஒன்றாக ஆடி நீல ஒளியை விழுங்குவதால் வருகிற நிறம் அது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் துணிக்கைகள் ஒட்டிக்கொண்டு நிறம் சாம்பலாய்ப் போனது. ஊக்கிகள் நாளடைவில் சோர்வதற்கும் இப்படி ஒட்டிக்கொள்வது ஒரு காரணம் என்றேன், பின்வாங்கில் இருந்த பெட்டை, "ஒட்டாமல் பிடிக்க என்ன செய்யலாம் சேர்?" என்று உடனே கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் ஆய்வுகூடங்கள் மினக்கெடுகின்றன.

ஒன்று சொல்ல வேணும். ஒளி செய்கிற வேலை எவ்வளவு, ஒளியால் ஏறுகிற சூடு செய்கிற வேலை எவ்வளவு என்பதைப் பிரித்துக் காட்டாத ஆய்வை நான் நம்புவதில்லை. அதே வெப்பநிலையில் இருட்டிலும் செய்து காட்ட வேணும்.

ஐதரசனைக் கட்டி வைக்கிற இன்னொரு சேர்வையான அமோனியா போரேனில் நிறையில் 19.6 வீதம் ஐதரசன் இருக்கிறது, போமிக்கில் 4.4 தான். இருந்தும் நான் போமிக் பக்கம். போரேனைத் தண்ணீரோடு பிரித்தபின் மிஞ்சுகிற போரேற்றைத் திரும்பப் போரேனாக்கப் பெரும் சக்தி செலவாகும். காபனீரொட்சைட்டை ஐதரசனோடு சேர்த்துப் போமிக்காக்குவது அதைவிட இலகு. பலேடியத்தின் விலைதான் இடிக்கிறது.

கலியாணம் முடிந்து ஊருக்கு வரும்போது, பள்ளிக்கூடங்களுக்கென்று விற்கிற சின்ன எரிபொருட்கலம் ஒன்று வாங்கி வா. காசு இங்கே தருகிறேன். திகதியை மறக்காமல் எழுது, அம்மா இப்பவே கேட்கத் தொடங்கிவிட்டா.

அன்புடன்,
உன் மச்சான்