வெருகல் முதல் உகந்தை வரை கைகொடுத்தவர்களுக்கு

களுவாஞ்சிக்குடி,
மட்டக்களப்பு.

அன்புக்குரிய பயண எழுத்துத் தோழமைகளுக்கும், வழியெங்கும் எனக்கு உதவிய உறவுகளுக்கும் வணக்கம்.

இலங்கையின் கிழக்குக் கரையோரமாக, வெருகல் ஆற்றங்கரையில் தொடங்கி உகந்தை முருகன் கோயில் வாசல் வரையான எனது பயணக் கட்டுரைகளைக் கடந்த கிழமை எழுதி முடித்தேன். இரண்டு ஆண்டுகளாகக் கிடைத்த பாடசாலை விடுமுறைகள் அத்தனையும் பஸ்ஸிலும் தோணியிலும் கால்நடையிலுமாக இதற்கே போயின. கைப்பிரதியை அச்சகத்தில் கொடுக்குமுன் உங்களுக்கு இந்த மடலை எழுதுவதுதான் முறை என்று மனம் சொல்கிறது. நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட குறிப்புகளும், இரவு நெடுநேரம் நீண்ட உரையாடல்களும் இல்லாதிருந்தால், நான் எழுதியவை ஊர்ப் பெயர்களின் வரிசையாக மட்டுமே இருந்திருக்கும்.

முதலில் தஞ்சாவூர்த் தோழிக்கு. குருமண்வெளித் துறையிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து மண்டூருக்குப் போனதை, “காலையில் பாதையில் ஏறி மண்டூரில் இறங்கினேன்” என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். பாதையில் நடக்கலாம், ஏறுவது எப்படி என்று நீங்கள் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு எங்கள் பகுதியில் பாதை என்று பெயர். சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையையும் அது படும் பக்கமான படுவான்கரையையும் இணைப்பது அதுதான். பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல் என்பதால், பிற ஊராருக்கு அது தெருவையே குறிக்கும் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. சொல்லை மாற்றிவிடலாமா என்று நான் யோசித்தபோது, சொல்லை விட்டுவிடாதீர்கள், அதில் ஏறுவதைக் காட்டுங்கள் என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை நான் மறுபடியும் துறைக்குப் போனேன். பலகை கரையில் மோதி அரைபடும் சத்தம், முதலில் சைக்கிள்கள் ஏறப் பின்னால் ஆட்கள் ஏறும் ஒழுங்கு, நடுவாவியில் ஒருவரும் பேசாமல் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஆகியவை அன்றுதான் என் கண்ணில் பட்டன. அந்த ஒரு வரி இப்போது மூன்று பக்கங்களாகியிருக்கிறது. நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களும் அவையே.

கொழும்புத் தோழர் சுட்டிக்காட்டியதும் இதே வகையான குறைதான். எப்போது வரவேண்டும் என்பதை நான் எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. வடகீழ்ப் பருவமழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கள் கடல் கொந்தளிக்கும், வட்டைகள் என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிகள் வெள்ளக்காடாகும் என்பதும், மேற்கிலும் தெற்கிலும் மழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாவில் வெகுதூரம் இடுப்பளவு நீரில் நடந்து போகலாம் என்பதும் இங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே எழுத மறந்துவிட்டேன். பத்து நாள் விடுமுறையோடு டிசம்பரில் வந்து, மழையைப் பார்த்துக்கொண்டு அறைக்குள் இருந்துவிட்டுத் திரும்பிய ஒரு குடும்பத்தைப் பற்றி நீங்கள் சொன்ன பின்பு, ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் அதற்குரிய மாதத்தைச் சேர்த்துவிட்டேன்.

மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் கட்டியதாக நான் எழுதியிருந்ததைத் திருத்திய ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். ஊரார் ஒல்லாந்தர் கோட்டை என்று சொன்னாலும், 1628இல் அதைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர்; ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638இல்.

எங்கள் வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லப்படுவதைப் பற்றிய கட்டுரைக்காக நான் கடமைப்பட்டிருப்பது கல்லடியைச் சேர்ந்த ஒரு தோணிக்கார அண்ணனுக்கு. கேள்விப்பட்டதை மட்டும் வைத்து எழுதியிருந்த என்னை, பூரணை இரவில், காற்று அடங்கிய நேரத்தில், பழைய பாலத்தின் பக்கம் தோணியில் அழைத்துப் போனவர் அவர். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் இறக்கி மறு முனையைக் காதோடு வைக்கச் சொன்னார். முதலில் என் மூச்சுச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, கம்பியைத் தொட்டுவிட்டு விட்டதுபோல ஓர் அதிர்வு துடுப்பின் வழியே ஏறி வந்தது. அது நின்றது, மறுபடியும் வந்தது. 1848இல் இந்த வாவியில் இதே ஒலியைக் கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் தென்னன்ட், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஓசைக்கு அதை ஒப்பிட்டிருக்கிறார். அது மீனின் குரல் என்பார் உண்டு, ஊரி என்ற சங்கினத்தின் குரல் என்பாரும் உண்டு. கேட்டதை எழுது, காரணத்தை முடித்து எழுதாதே என்று அந்த அண்ணன் சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறேன்.

நாவலடிக்குப் போகுமுன் யாழ்ப்பாணத்து அக்கா எனக்குச் சொன்னவற்றை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அள்ளிச் சென்ற கரை அது. அங்கு இருப்பவர்களிடம் யார் யாரை இழந்தீர்கள் என்று கேட்கக் கூடாது, அவர்களாகப் பேசத் தொடங்கினால் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டும், சுனாமியில் சாய்ந்து நின்ற கோயில் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றீர்கள். அதில் முதலாவதைக் கடைப்பிடிப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு தாயின் பக்கத்தில் அரை நாள் இருந்தேன். வலையின் கண் அளவைப் பற்றியும், நூலின் விலையைப் பற்றியும் மட்டுமே பேசினோம். புறப்படும்போது, “நீ அதக் கேக்கல்ல மகள், அதால சொல்றன்” என்று அவர் தொடங்கினார். அவர் சொன்னதை நான் எழுதவில்லை. அந்தக் கட்டுரையில் வலை மட்டும்தான் இருக்கிறது.

காக்கா என்று நான் அழைக்கும் காத்தான்குடி அண்ணனிடம் நான் மன்னிப்பும் கேட்கவேண்டும். என் முதல் பிரதியில் உங்கள் ஊர் பஸ் யன்னலுக்கு வெளியே கடந்துபோகும் பேரீச்ச மரங்களாக மட்டுமே வந்திருந்தது. உங்களுக்கு அது வருத்தமாக இருந்தும், கோபிக்காமல் என்னை அழைத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதை அறியாமல் வருபவர் பசியோடு நிற்பார் என்பதிலிருந்து, பள்ளிவாசலுக்கு அருகில் நின்று படம் எடுக்குமுன் யாரிடம் கேட்கவேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் சொல்லித் தந்தீர்கள். உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்ட பகலுணவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன்.

தெற்கே போனபோது ஒரு தங்குமிடத்தில், தனியே வந்த பெண் என்பதற்காக, முன்பே சொல்லிவைத்திருந்த அறையைத் தர மறுத்துவிட்டார்கள். இருட்டிவிட்டது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பொத்துவில் தங்கச்சி, நீங்கள் அன்று தொலைபேசியை எடுத்திராவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. தனியே பயணம் செய்யும் பெண்கள் தங்கக்கூடிய வீடுகளின் பட்டியலை நீங்கள் உங்கள் கைப்பட எழுதி நம் எல்லோருக்கும் அனுப்பினீர்கள். நம் உரையாடல்களில் கிடைத்தவற்றுள் அதைவிடப் பயனுள்ள எதையும் நான் காணவில்லை.

உகந்தையைப் பற்றிய கட்டுரையில் ஆபத்தான பிழை ஒன்று இருந்தது. அங்கிருந்து குமண, யால காடுகளின் ஊடாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகலாம் என்று பொதுப்பட எழுதியிருந்தேன். பல ஆண்டுகள் பாதயாத்திரை போன, திருக்கோவில் என்ற ஊரைச் சேர்ந்த மாமா அதை வாசித்த அன்றே அழைத்தார். ஆடித் திருவிழாவுக்கு முன்பாக யாத்திரிகருக்கென்று காட்டுவழி திறக்கப்படும் நாட்களில் மட்டுமே, அதுவும் கூட்டத்தோடு சேர்ந்துதான் நடக்கலாம், மற்ற நாட்களில் அது யானையும் கரடியும் சிறுத்தையும் திரியும் காவல் காடு என்று அவர் சொன்னதை, அந்தக் கட்டுரையின் முதல் பந்தியிலேயே வைத்திருக்கிறேன்.

எழுதிய கொப்பியை அன்றிரவே இன்னொரு கொப்பியில் பார்த்து எழுது என்ற கண்டித் தோழியின் பழக்கத்தை எடுத்துக்கொண்ட மூன்றாம் நாளே என் கொப்பி மழையில் ஊறி மை கரைந்துவிட்டது. மற்றக் கொப்பி வீட்டில் இருந்ததால் தப்பினேன்.

குருமண்வெளித் துறையில் பாதை செலுத்தும் ஐயா, என் பயணம் முழுவதிலும் ஒருமுறைகூட என்னிடம் கூலி வாங்காமல், இறங்கும் இடத்தில் கைபிடித்து இறக்கிவிட்டவர். இந்த மடலை அவர் காணமாட்டார். வருகிற சனிக்கிழமை, அன்றைய முதலாவது பாதையில் போய், வாவியைக் கடக்கும் நேரத்துக்குள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் களுவாஞ்சிக்குடி ஆசிரியை