கணிப்பைச் சோதிப்பவர்கள் நிபந்தனையையும் சேர்த்துப் படிக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவியின் சராசரி வெப்பநிலை குறித்துத் தங்கள் இதழின் விவாதப் பகுதியில் வெளிவந்த கட்டுரைகளையும் அவற்றுக்கு எழுந்த மறுப்புகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். விஞ்ஞானிகள் சொன்னது எதுவுமே நடக்கவில்லை என்று ஒரு தரப்பும், சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்று மறு தரப்பும் அடித்துச் சொல்கின்றன. உண்மையில் என்ன சொல்லப்பட்டது, எந்த நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்பதை இரு தரப்பாருமே எடுத்துக்காட்டவில்லை. கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்ற வழக்கை அந்த ஆவணம் இல்லாமல் நடத்த முடியாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காலநிலைக் கணிப்பு சோதிடரின் வாக்கைப் போல ஒற்றை வரியில் வருவதில்லை. இவ்வளவு கரியமில வாயு காற்றில் சேர்ந்தால் இவ்வளவு வெப்பம் கூடும் என்று அது இரண்டு பாதிகளாகவே சொல்லப்படுகிறது. முதல் பாதி மனிதரின் நடத்தையைச் சார்ந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் உலகம் எவ்வளவு நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லித் தராது. இரண்டாம் பாதிதான் இயற்பியல். முதல் பாதி வேறுவிதமாகப் போனதற்காக இரண்டாம் பாதியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்த விவாதத்தில் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது.

இதற்கு மிகத் தெளிவான சான்று நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனின் கணிப்புதான். 1988 ஜூன் மாதம் அமெரிக்க செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்த அவர், அதே ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் மூன்று பாதைகளை வரைந்திருந்தார். வாயுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிக்கொண்டே போகும் நிலை முதலாவது, பெருக்கம் மிதமாக இருக்கும் நிலை இரண்டாவது, 2000ஆம் ஆண்டுக்குள் பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும் நிலை மூன்றாவது. இவற்றுள் நடுப்பாதையே நடக்க வாய்ப்புள்ளது என்பது அவர் கருத்து. ஆனால் 1998இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசிய, காலநிலை எச்சரிக்கைகளை மறுத்துவந்த ஆய்வாளர் பேட்ரிக் மைக்கேல்ஸ், முதல் பாதையை மட்டும் திரையில் காட்டி, பாருங்கள், எவ்வளவு தவறு என்றார். மற்ற இரு கோடுகளும் அந்தப் படத்தில் இல்லை. இன்றும் அதே படம் வெவ்வேறு வடிவில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அதற்காக ஹான்சனின் நடுப்பாதை அச்சுப் பிசகாமல் பலித்தது என்று சொல்லிவிடவும் முடியாது. அதுவும் உண்மையில் பதிவான வெப்பத்தைவிடச் சற்று உயரமாகவே ஓடியது. ஒரு காரணம், ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்பாட்டால், வெப்பத்தையும் பிடித்துவைக்கும் குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்களின் வளர்ச்சி தடைப்பட்டதும், மீத்தேன் அவர் எண்ணிய வேகத்தில் கூடாமல் போனதுமாகும். இது முதல் பாதியில் நேர்ந்த மாற்றம். இன்னொரு காரணம் இயற்பியலில் இருந்தது: கரியமில வாயு இரட்டிப்பானால் 4.2 டிகிரி செல்சியஸ் கூடும் என்று அவருடைய கணினி மாதிரி கணக்கிட்டது. இன்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் சிறந்த மதிப்பீடு 3 டிகிரி. திசை சரி, வேகம் கொஞ்சம் மிகை என்பதே நேர்மையான தீர்ப்பு. ஆனால் இப்படி ஒரு தீர்ப்பைத் தலைப்பாக வைத்தால் யார் படிப்பார்கள் என்ற கவலை பத்திரிகைகளுக்கு இருக்கத்தான் செய்யும்.

ஒரேயொரு கணிப்பை வைத்து வழக்காட வேண்டிய அவசியமும் இல்லை. 1970 முதல் 2007 வரை வெளியான 17 மாதிரிக் கணிப்புகளை காலநிலை ஆய்வாளர் சீக் ஹவுஸ்ஃபாதரும் அவருடைய குழுவினரும் எடுத்துச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், 10 கணிப்புகள் பதிவான வெப்பநிலையோடு ஒத்துப்போயின. காற்றில் உண்மையில் சேர்ந்த வாயுக்களின் அளவைக் கருத்தில் கொண்டு மீண்டும் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 14 ஆனது. அதாவது நிபந்தனையைச் சேர்த்துப் படித்ததும் இயற்பியல் இன்னும் தெளிவாகத் தேறியது.

எரிமலை தந்த சோதனை இதைவிடக் கடுமையானது. 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்துக் கந்தகப் புகையை வானுயரத்துக்கு அனுப்பியது. சில மாதங்களிலேயே ஹான்சன் குழுவினர், உலகச் சராசரி ஏறத்தாழ அரை டிகிரி இறங்கும், பிறகு மீண்டும் ஏறும் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். அப்படியே இறங்கி, அப்படியே ஏறியது. 1967இல் காலநிலை ஆய்வாளர்கள் மனாபேயும் வெதரால்டும் செய்த கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்: கரியமில வாயு கூடினால் தரையை ஒட்டிய காற்று சூடாகும், மேலேயுள்ள அடுக்கு மண்டலமோ குளிரும் என்றார்கள். சூரியனின் ஒளி கூடியிருந்தால் இரண்டும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் பார்த்தது, கீழே சூடும் மேலே குளிர்ச்சியும். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

தவறியவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இடம்பெற்ற வரி, முறையான ஆய்வு மதிப்பீட்டுக்கு உட்படாத ஓர் ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2010இல் அந்த அமைப்பே வருத்தம் தெரிவித்தது. ஆர்க்டிக் கடலில் சில ஆண்டுகளிலேயே கோடைப் பனி இருக்காது என்று சிலர் முழங்கியதும் நடக்கவில்லை. பனிப்பரப்பு 1980களைவிட வெகுவாகச் சுருங்கியிருந்தாலும், 2012 செப்டம்பரில் பதிவான மிகக் குறைந்த அளவை 2024 வரை எந்த ஆண்டும் முறியடிக்கவில்லை. தனி ஒருவரின் மேடைப் பேச்சையும் பல மாதிரிகளின் கூட்டுக் கணிப்பையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது.

பழைய அளவீடுகளைத் திருத்தி வெப்பத்தைச் செயற்கையாகக் கூட்டிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் தங்கள் பக்கங்களில் வந்தது. அந்நாளில் மாலுமிகள் வாளியால் கடல்நீரை மொண்டு, தளத்தில் வைத்து வெப்பமானியை அமிழ்த்திப் பார்த்தார்கள். அதற்குள் காற்றுபட்டு நீர் சற்றுக் குளிர்ந்துவிடும். பின்னாளில் இயந்திர அறைக்குள் இழுக்கப்படும் நீரில் அளந்தார்கள். அது சற்று அதிகமாகவே காட்டும். இந்த வேறுபாட்டைச் சரிசெய்ய, பழைய கடல் அளவீடுகளை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. நிலத்துக்கான திருத்தங்கள் எதிர்த்திசையில் சென்றாலும், கடல் பரப்பு பெரிது என்பதால், நிலமும் கடலும் சேர்ந்த நூற்றாண்டுக் கணக்கில் திருத்தங்கள் வெப்ப ஏற்றத்தைக் குறைத்தே காட்டுகின்றன. சதி செய்பவர்கள் இப்படித் தங்களுக்கே எதிராகச் சதி செய்வார்களா என்று குற்றம் சாட்டியவர் யோசித்திருக்கலாம்.

பத்திரிகைகளிடம் ஒரு குறையும் எனக்கு உண்டு. 2024ஆம் ஆண்டின் வெப்பத்தைப் பற்றி ஒரு செய்தி 0.72 டிகிரி அதிகம் என்றது, இன்னொன்று 1.28 என்றது, மற்றொன்று 1.55 என்றது. மூன்றும் சரியே. ஐரோப்பாவின் கோபர்நிகஸ் சேவை 1991 முதல் 2020 வரையிலான சராசரியோடும், நாசா 1951 முதல் 1980 வரையிலான சராசரியோடும், உலக வானிலை அமைப்பு 1850 முதல் 1900 வரையிலான சராசரியோடும் ஒப்பிட்டன. எதனோடு ஒப்பிட்டார்கள் என்ற அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் அச்சிட்டால், வாசகர் விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று நினைக்கத்தான் செய்வார். ஓர் ஆண்டு 1.5 டிகிரியைத் தாண்டியதும் பாரிஸ் உடன்பாட்டின் எல்லை உடைந்துவிட்டது என்று எழுதுவதும் இதே அவசரம்தான். ஐபிசிசி அந்த எல்லையை இருபது ஆண்டுச் சராசரியை வைத்தே பார்க்கிறது.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகி உலகச் சராசரியையும் உயர்த்தும் எல் நினோ விலகிய பிறகு வரும் ஆண்டுகளில் அளவு சற்றே இறங்குவது வழக்கம். எல் நினோ ஆண்டான 1998இன் உச்சத்துக்குப் பின் வெப்பமயமாதல் நின்றுவிட்டது என்று எழுதியவர்கள், 2014, 2015, 2016 என்று அடுத்தடுத்த ஆண்டுகள் முந்தைய உச்சத்தைத் தாண்டிய பிறகே ஓய்ந்தார்கள். இனியும் அத்தகைய கட்டுரை தங்களுக்கு வரும். அதைத் தாராளமாக வெளியிடுங்கள். ஆனால் கட்டுரையாளர் தேர்ந்தெடுத்த ஆண்டிலிருந்து தொடங்கும் வரைபடத்தோடு, 1850இலிருந்து தொடங்கும் வரைபடத்தையும் அதே பக்கத்தில், அதே அளவில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்