கம்யூனிட்டி காலேஜில் பிள்ளை படிக்கும் பே ஏரியா தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தீபாவளி பாட்லக்கில் யாராவது "பையன் எந்த காலேஜ்?" என்று கேட்டால் பேச்சைச் சாம்பார் பக்கம் திருப்பிவிடுகிறீர்கள். பெர்க்லியில் இடம் கிடைத்த வீட்டுக்காரர் மட்டும் சாப்பாடு முடிகிறவரை அதையே பேசுகிறார். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகும் கல்லூரியில், மாலை நேரத்தில் அமெரிக்க அரசியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஆனர்ஸ் என்ற, ஆழமாகப் படிக்க வைக்கும் சின்ன வகுப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவரை கல்லூரிப் பெயரைச் சொல்லவே கூசிய பெற்றோர், 'ஆனர்ஸ்' என்ற சொல் காதில் விழுந்ததும் அடுத்த டெர்மில் நாலு வகுப்பையும் ஆனர்ஸாகவே எடு என்று பிள்ளையின் உயிரை வாங்குகிறார்கள்.

முதலில் கணக்கைப் பேசி முடித்துவிடுவோம். ஹைஸ்கூலில் எடுக்கும் 'ஏபி' என்ற கல்லூரி நிலைப் பாடம் மாதிரி இங்கே 'ஏ' வாங்கினால் ஜிபிஏவில் (மதிப்பெண் சராசரியில்) ஐந்து புள்ளி கிடையாது, நாலுதான். கட்டணமும் சாதாரண வகுப்புக்கு உள்ளதுதான்: கலிபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகமான யுசிஎல்ஏவுக்கு மாற 'டாப்' (TAP) என்றொரு ஏற்பாடு இருப்பது உண்மை. அதில் சேர்ந்துள்ள கல்லூரியில் ஆனர்ஸ் திட்டத்தை முடித்து, கல்லூரியும் சான்று கொடுத்தால், விண்ணப்பத்தை முன்னுரிமை கொடுத்துப் பார்ப்பார்கள். சீட்டு நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் அங்குள்ள லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸ் என்ற கலை-அறிவியல் பிரிவுக்குத்தான். கம்ப்யூட்டர் சயன்ஸ் அங்கே இன்ஜினியரிங் பள்ளியில் இருக்கிறது; அதற்கு டாப் கைகொடுக்காது. இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் விழுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். நிச்சயமான இடம்தான் வேண்டுமென்றால் 'டேக்' (TAG) என்ற, மாறும்போது இடத்தை உறுதிசெய்யும் திட்டம் இருக்கிறது. டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு யுசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்கள் அதைத் தருகின்றன, எல்லா மேஜருக்கும் (முதன்மைப் பாடத்துக்கும்) அல்ல. பெர்க்லி, எல்ஏ, சான் டியேகோ மூன்றும் அதில் இல்லை. டேக் வாங்க ஆனர்ஸ் தேவையுமில்லை.

பிறகு எதற்கு ஆனர்ஸ் என்கிறீர்களா? வகுப்பறைக்குள் நடப்பதற்காக.

ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் உத்தரவால் இந்த மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய அமெரிக்கர்கள் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். போக மறுத்த கோரமாட்சு என்பவரின் வழக்கில் 1944இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசு பக்கம் நின்றது. சாதாரண வகுப்பில் இது பாடநூலில் இரண்டு பத்தி. தேர்வில் ஒரு கேள்வி. ஆனர்ஸ் வகுப்பில் தீர்ப்பையே படிக்க வைக்கிறேன். நீதிபதி பிளாக் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, மர்ஃபியும் ஜாக்சனும் எழுதிய மறுப்புரைகள், எல்லாவற்றையும். பிறகு பிளாக்கின் பக்கம் நின்று வாதாடச் சொல்வேன். ஒரு மாணவி கண்ணில் நீர் முட்ட, பிடிக்காத பக்கத்துக்காகவே நன்றாக வாதாடினாள். அடுத்த வாரம் அவளே டிரம்ப் அரசு சில நாட்டவருக்கு விதித்த பயணத் தடை பற்றிய 2018ஆம் ஆண்டு வழக்கின் தீர்ப்பை எடுத்து வந்தாள். "கோரமாட்சு தீர்ப்பு தப்புன்னு இதுல எழுதியிருக்காங்க, ஆனா தடை செல்லும்னும் இதுலயே சொல்றாங்களே சார், எப்படி?" என்றாள். அன்று நான் திட்டமிட்டிருந்த பாடம் நடக்கவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதற்கு ஏது நேரம்?

அந்தக் கேள்விதான் அவளுடைய டெர்ம் பேப்பர் ஆனது. இப்படி எழுதுவதை மேடையேற்ற, கம்யூனிட்டி காலேஜ் ஆனர்ஸ் மாணவர்களுக்கென்றே ஆய்வு மாநாடும் நடத்துகிறார்கள். இன்னொரு லாபமும் உண்டு. ஸ்காலர்ஷிப்புக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். டெர்முக்கு ஒன்று போதும். அதுவும் மேஜரோடு ஒட்டாத பாடமாக, வரலாறோ உளவியலோ ஆங்கிலமோ, பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கட்டும். 'பி' வந்தால் வரட்டும். பதிவு தொடங்கியதும் சேரச் சொல்லுங்கள். போதிய ஆள் சேராவிட்டால் முதலில் ரத்தாவது இந்தச் சின்ன வகுப்புகள்தான். எழுதி வைத்த பாடத்திட்டத்தோடு நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

ஆனர்ஸ் அலுவலகத்துக்குத் தயவுசெய்து நீங்கள் போன் போடாதீர்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு, பிள்ளை எழுத்தில் சம்மதிக்காமல் மதிப்பெண் விவரத்தை உங்களிடம் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள், சட்டம் அப்படி. பிள்ளையே நேரில் போய்க் கேட்கட்டும். ஜிபிஏ நிபந்தனை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். திட்டத்தில் சேராமல் ஒரு வகுப்பை மட்டும் எடுத்துப் பார்க்க விடும் கல்லூரிகளும் இருக்கின்றன.

அன்புடன்,
ஒரு பகுதிநேர ஆசிரியர்