கட்டன்சாயா நிறத்தில் வந்த விட்டமின் சி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் முகப் பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது. மங்கு, அதாவது முகத்தில் விழும் கருந்திட்டு, மறைய விட்டமின் சி சீரம் தினமும் காலையில் தடவுங்கள் என்று அதில் ஒரு வரி. எத்தனை சதவீதம் இருக்க வேண்டும், என்ன நிறத்தில் இருக்க வேண்டும், வீட்டில் எங்கே வைக்க வேண்டும், எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை நம்பி வாங்கியவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் தக்கலை. அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர் வேலை. மாதச் சேமிப்பான ஆர்.டி. பணம் வாங்க அழகியமண்டபம், திருவிதாங்கோடு, வில்லுக்குறி என்று ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போக வேண்டும், பதினொரு மணி வெயிலும் மூன்று மணி வெயிலும் முகத்தில்தான் விழும். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்து, பதினாறு வருஷமாகப் போகவில்லை. "என்ன மக்களே, மொகம் இப்பிடிக் கறுத்துப் போச்சு" என்று வயசான அம்மாமார் பாசத்தோடுதான் கேட்பார்கள், நானும் சிரித்துவிட்டு பாஸ்புக்கை நீட்டுவேன், ஆனாலும் மனசில் தைக்கும். அப்படித்தான் 30 மில்லி குப்பிக்கு 699 ரூபாய் கொடுத்தேன். எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஏப்ரல் மாதம் ஆர்டர் போட்டது, வடக்கே ஏதோ குடோனிலிருந்து கிளம்பி ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தது. நம் மாவட்டம் மதுரை, வேலூர் அளவுக்குச் சுடாது, சரி, ஆனால் அந்தப் பெட்டி கோடை வெயிலில் இந்தியா முழுக்க லாரியில் வந்திருக்கிறதே. பெட்டியைத் திறந்தால் நிறமில்லாத கண்ணாடிக் குப்பி, உள்ளே கட்டன்சாயா, அதாவது பால் விடாத டீ, மாதிரி ஒரு திரவம். விளம்பரப் படத்தில் தண்ணீர் போலத் தெளிவாகக் காட்டியிருந்தார்கள். எனக்கு என்ன தெரியும், இதுதான் இதன் நிறம் போல என்று நினைத்துத் தடவினேன். துருப்பிடித்த இரும்பு வாடை. சுரீர் என்று எரிந்தது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் தலையணை உறையில் கன்னம் படுகிற இடத்தில், கொல்லாம்பழச் (முந்திரிப்பழ) சாறு பட்டுக் காய்ந்தது போல ஒரு கறை, சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. விரல் நுனியிலும் நகக்கண்ணிலும் அதே மஞ்சள். இரண்டு வாரத்தில் நெற்றி முழுக்கப் பொரிப்பொரியாக வந்ததுதான் மிச்சம், மங்கு அப்படியே இருந்தது.

கம்பெனிக்கு எழுதிக் கேட்டால், தோல் பழகும்வரை அப்படித்தான் இருக்கும், இன்னும் ஆறு வாரம் தொடருங்கள் என்று பதில் வந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இந்தப் பதிலில்தான். படம் எடுத்து அனுப்பியிருந்தேன், நிறம் அதில் தெளிவாகத் தெரிந்தது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பி.பார்ம் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது குப்பியைக் கையில் எடுத்ததும், "அம்மா, இது கெட்டுப் போச்சு" என்றாள். அவள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. விட்டமின் சி-யின் இன்னொரு பெயர்தான் அஸ்கார்பிக் அமிலம், அது தண்ணீரில் கரைந்து இருக்கும்போது காற்று, வெளிச்சம், சூடு மூன்றுமே அதற்கு ஆகாது. முதலில் நிறமில்லாமல் இருப்பது மெல்ல மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பழுப்பாகிவிடும். பழுப்பானபின் அதில் வேலை செய்கிற சத்து பெரும்பாலும் போய்விட்டது என்று அர்த்தம், தோலில் கறை பிடிப்பதும் அதனால்தான். எரிச்சலை மட்டும் வைத்துக் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாதாம். 2001-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்றித் தோலில் சோதித்துப் பார்த்ததில், பிஹெச் என்கிற அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அது தோலுக்குள் இறங்குகிறது, 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினாலும் தோலில் சேர்கிற அளவு கூடவில்லை என்று தெரிந்ததாம். அவ்வளவு புளிப்பானது கொஞ்சம் எரியத்தான் செய்யும். அதனால் பார்க்க வேண்டியது நிறத்தை. இந்த மாதிரிப் பொருளை அடர்நிறக் குப்பியிலோ காற்றுப் புகாத பம்பிலோ அடைப்பதும் அதற்காகத்தான்.

இன்னொன்றும் அவள்தான் காட்டினாள். அட்டையில் தயாரிப்புத் தேதி பதினாலு மாதம் பழையது, ஆனால் காலாவதி ஆக இன்னும் பத்து மாதம் இருந்தது. அதாவது தேதிப்படி அது நல்ல பொருள். உள்ளே இருக்கிற திரவம் கெட்டு எத்தனை நாளோ! இதை யார் கேட்பது?

திறந்து உபயோகித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் படம், பில் எல்லாம் வைத்துப் புகார் செய்து, மூன்று வாரம் கழித்துத்தான் பணம் வந்தது. இதுபோல வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வையுங்கள், எனக்கு உதவியது நான் எடுத்து வைத்த படங்கள்தான்.

அப்புறம் நாகர்கோவிலில் தோல் டாக்டரைப் பார்த்தேன். மங்குக்கு முதல் வைத்தியம் வெயில் படாமல் காப்பதுதான், விட்டமின் சி கூடச் சேர்ந்து கொஞ்சம் உதவலாம், அதை மட்டும் தடவிக்கொண்டு வெயிலில் அலைந்தால் பலன் இருக்காது என்றார். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தாலேயே மங்கு கூடும் என்பதால் அயர்ன் ஆக்சைடு என்கிற நிறப்பொருள் சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீனாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். இப்போது அதைத் தடவி, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறேன்.

நான் கேட்பது இரண்டு. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், நிறம் மாறிய சீரத்தைத் தடவாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள், ஏனென்றால் என் வாடிக்கையாளர் வீடுகளிலேயே மூன்று பேர் இதே மாதிரிக் குப்பியை ஜன்னல் ஓரத்தில் வெயில் படுகிற இடத்தில் வைத்திருப்பதைப் பார்த்தேன். அடுத்தது, அழகுசாதனப் பொருட்களும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ்தான் வருகின்றன. கடையில் விற்பதைப் பார்ப்பதுபோல, பார்சலில் வீட்டுக்கு வருவதையும் அவர்கள் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். என் குப்பியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, அட்டையும் பில்லும் அப்படியே வைத்திருக்கிறேன், கேட்டால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.