செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, சாப்பாட்டு நேரத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

நமது குடியிருப்பாளர் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயலறிக்கையைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

செயலவை ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய எண்ணிக்கை சேராததால் தேநீர் அருந்திவிட்டுக் கலைந்தோம். பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைச் சாலையில் வழக்கம்போல் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது. யோகா வகுப்பு ஆசிரியர் கிடைக்காமல் ஜூன் மாதம் நின்றுபோனது. மறைந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றினோம்.

இனி வாய்க்கால்.

சென்ற ஆண்டுக் கூட்டத்தில், நம் வரிசை வீடுகளின் பின்னால் ஓடும் வாய்க்காலைச் சீரமைக்கத் திட்டம் தீட்டும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். எதிர்த்து ஒருவரும் கை தூக்கவில்லை. துணைக்கு வருகிறேன் என்றும் ஒருவரும் கை தூக்கவில்லை. அதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். இந்த வாய்க்கால் சுங்கை ஆயர் தெர்ஜுனில் விழுகிறது. அந்த ஆறு தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து தெளிந்த நீராக இறங்கி வந்து சுங்கை பினாங்கில் கலந்து கடலுக்குப் போகிறது. வழியில் அதைக் கறுக்க வைப்பவர்களில் நாமும் உண்டு. நம் வரிசையின் பழைய வீடுகளில் கழிப்பறை நீர் மட்டும்தான் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. பாத்திரம் கழுவிய நீரும் துணி துவைத்த நீரும் நேரே வாய்க்காலுக்குத்தான்.

செயலவையில் பெரும்பாலோர் விரும்பியது, நீரைச் சுத்தமாக்கும் என்று சொல்லி நுண்ணுயிர் கலந்த மண்ணுருண்டைகளை வாய்க்காலில் வீசும் விழா. பிரமுகர் வருவார், பத்திரிகையில் படம் வரும், பிள்ளைகளுக்கும் உற்சாகமாக இருக்கும் என்றார்கள். 2009 ஆகஸ்டில் இதே பினாங்கில் லட்சக்கணக்கில் மண்ணுருண்டைகள் வீசப்பட்டபோது நானும் போயிருந்தேன். நல்ல நாள்தான். ஆனால் அதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று என்னைக் கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் இருப்பது சட்டையில் சேறு படிந்த ஒரு புகைப்படம். ஆகவே, ஓராண்டு அளந்து பார்த்துவிட்டுப் பிறகு எதை வேண்டுமானாலும் வீசுவோம் என்றேன். இதனால் 'விழாவைக் கெடுத்த செயலாளர்' என்ற பட்டம் கிடைத்தது. பதிவாகட்டும்.

உலகில் பெரிய வேலைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் கிசிமீ என்றோர் ஆறு. சுமார் 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிய அதை, வெள்ளத்துக்குப் பயந்து 1962 முதல் 1971 வரை தோண்டி 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக்கினார்கள். கரையோரச் சதுப்பு நிலம் காய்ந்தது, பறவைகள் போயின, தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தது. பிறகு தவறை உணர்ந்து 1999இல் கால்வாயை மண்ணிட்டு நிரப்பத் தொடங்கி, 2021இல்தான் கட்டுமானத்தை முடித்தார்கள். என்னைக் கவர்ந்தது அந்த மண்வேலையல்ல. நிரப்பத் தொடங்குவதற்குமுன் சில ஆண்டுகள் மீனையும் பறவையையும் ஆக்ஸிஜனையும் எண்ணிக் குறித்து, எது எவ்வளவு மாற வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டார்கள். அப்படி எழுதி வைத்தால் பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது. நமது செயலவைக்கு இது மிகவும் பொருந்தும் என்று கருதினேன்.

கழிவு சேர்ந்தால் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறையும். முக்கியமாக அதை அளக்க நாம் மூன்று இடங்களைத் தேர்ந்தோம். மேல்பாலத்தடி, கடைவரிசையின் பின்புறம், ஆற்றில் விழும் முனை. கடைகளுக்கு மேலே ஓரிடம் எதற்கு, அங்கே தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். அதற்காகத்தான். மழையாலோ வறட்சியாலோ வரும் மாற்றம் மேலேயும் தெரியும். நம் வேலையால் வரும் மாற்றம் கீழே மட்டும் தெரியும். இரண்டையும் பிரித்தறிய வேறு வழியில்லை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை காலை 7.30 மணி. நேரத்தை ஏன் மாற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் வெயில் பட்டால் பாசி ஆக்ஸிஜனை விடும். இரவில் எல்லா உயிரும் அதை எடுத்துக்கொள்ளும். எனவே விடியலில் அளவு குறைந்தும் பிற்பகலில் கூடியும் இருக்கும். ஜூலையில் நான் ஊரில் இல்லாதபோது பொறுப்பேற்ற நண்பர், பதினொன்றரை மணிக்குப் போய் அளந்து, 'வாய்க்கால் தேறிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டார். அந்தக் கணக்கை நான் நீக்கினேன். அவருக்கு என்மீது இன்னும் வருத்தம்.

சோதனை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள் குறைவு என்பதால் எழுதுகிறேன். சிறு கண்ணாடிக் குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, ஒரு குமிழிகூட உள்ளே தங்காமல் நிரப்பி, அங்கேயே மூட வேண்டும். பிறகு இரண்டு மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மேகம்போல் ஒன்று திரண்டு அடியில் படியும். நீரில் ஆக்ஸிஜன் இருந்தால் அது பழுப்பாகும். மேல்பாலத்தடியில் பெரும்பாலும் நல்ல தே தாரேக் (பால் தேநீர்) நிறம். அடுத்து அமிலம் விட்டால் பொன்மஞ்சள். கடைசி மருந்தில் எத்தனை சொட்டுக்கு அந்த நிறம் மறைகிறதோ அதுதான் கணக்கு. மே மாதம் கடைவரிசைக்குப் பின்னால் எடுத்த குப்பியில் படிந்தது வெள்ளையாகவே நின்றது. ஆய்வகத்தில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்ற நம் அக்கா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதற்கு மேல் சொட்ட வேண்டாம் தம்பி, உள்ளே ஒன்றுமில்லை" என்றார். அந்த இடத்தில் மேற்பரப்பில் வாயைப் பிளந்தபடி சில கப்பி மீன்களும், சேற்றில் சிவப்புப் புழுக்களும் மட்டும் இருந்தன. அந்தப் புழுவின் உடலில் நம் ரத்தத்தில் உள்ளது போன்ற சிவப்புப் பொருள் இருப்பதால் கிடைக்கும் துளி ஆக்ஸிஜனையும் பிடித்துக்கொள்ளும். புழுவை எண்ணுவதும் ஓர் அளவீடுதான். நான்காம் படிவம் படிக்கும் நம் மாணவி அதை ஒரு நோட்டில் அருவருப்பின்றிக் குறித்து வருகிறாள்.

கடைவரிசைக்குப் பின்னால் வாய்க்காலைக் கெடுக்கும் எண்ணெயை ஊற்றுபவர் ஒட்டுக்கடைக்காரர்தான் என்று எல்லாரும் சந்தேகித்தோம். நானும்தான். அவர் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி இருக்கிறது, வாரம் ஒருமுறை வழித்துப் போடுகிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். எண்ணெய் வந்தது இன்னும் மேலே, விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு வீட்டின் பின்கட்டிலிருந்து. கல்யாணம் மிகுந்த மாதங்களில் நம் கணக்கு ஏன் படுத்துவிடுகிறது என்பது அதன் பிறகுதான் விளங்கியது. வீடு யாருடையது என்று அறிக்கையில் எழுதவில்லை. அவர் நம் உறுப்பினர், இன்றைய மதிய உணவும் அவருடையது.

பிறரை மட்டும் சொல்லக் கூடாது. தைப்பூசத்துக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வழக்கத்துக்கு மாறாக அளந்தோம். ஆற்றில் விழும் முனையில் அளவு சரிந்திருந்தது. விசாரித்ததில், மிஞ்சிய நீர்மோரையும் ரோஸ் பாலையும் இரவு நம் தொண்டர்களே டிரம்மோடு வாய்க்காலில் கவிழ்த்திருக்கிறார்கள். தண்ணீர் கலக்காத பாலைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்ஸிஜன், அதே அளவு வீட்டுக் கழிவுநீருக்கு வேண்டியதைவிட நூறு மடங்குக்கும் மேல். நாம் ஊற்றியது தண்ணீர் கலந்ததுதான், ஆனால் டிரம் கணக்கில். இவ்வாண்டுத் (2026) தைப்பூசத்தில் மிஞ்சியதை விநியோகித்துத் தீர்த்துவிட்டோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறேன்.

தலைவர் அவர்கள் ஒரு நிருபரிடம் வாய்க்கால் 'இரண்டாம் வகுப்பு' நீராகிவிட்டது என்று சொன்னது அன்பின் மிகுதியால். நாட்டின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுவது. 81ம் அதற்கு மேலும் சுத்தம், 60 முதல் 80 வரை சற்று மாசு, அதற்குக் கீழே மாசு. நாம் அவற்றில் மூன்றைத்தான் அளக்கிறோம். வகுப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை. கோலாலம்பூரில் 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டத்தில் கிள்ளான், கொம்பாக் ஆறுகளை, இறங்கிக் குளிக்கத்தக்க இரண்டு-பி வகுப்புக்குக் கொண்டுவரக் குறிவைத்து எத்தனை ஆண்டாக வேலை நடக்கிறது என்பதை நினைத்துக்கொள்வோம்.

சிங்கப்பூர் சென்று வந்த உறுப்பினர், பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் காங்கிரீட் கால்வாயை உடைத்து 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கியிருப்பதைப் படம் பிடித்து வந்து, நாமும் உடைப்போம் என்றார். 2012இல் திறந்த அந்த ஆறு பெருமழையில் அகன்று பரவ அருகில் பூங்கா இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருப்பது அவருடைய கார் நிறுத்துமிடம். 2017 நவம்பர் வெள்ளத்தில் கட்டிலின்மேல் ஏறி நின்றவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அச்சத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. எனவே திட்ட வரைவில், நீரோட்டத்தைத் தொடாமல் மேல்கரையில் மட்டும் நாற்பது மீட்டருக்குச் செடி, மேலே ஒரு குப்பைத் தடுப்பு, பின்கட்டுகளுக்கு எண்ணெய்த் தொட்டி என்ற அளவில் நிறுத்தியிருக்கிறேன். அனுமதி கேட்டு அனுப்பிய கடிதம் ஏப்ரல் முதல் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. நான்கு முறை நேரில் போனேன். கோப்பு 'மேலே' இருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது.

செப்டம்பரில் செபராங் பிறைக்கு அலையாத்திக் காடு பார்க்கச் சுற்றுலா சென்றோம். பினாங்கில் கரையோர மீனவர்களே 1997 முதல் கண்டல் நட்டு வருகிறார்கள். நாற்பத்து நான்கு பேர் வந்தோம், சாப்பாடு நன்றாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வாய்க்காலுக்கு வந்தவர்கள் மூவர்: அக்கா, மாணவி, நான்.

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். சுருக்கமாக, வரவு ஓரளவு வந்தது, செலவு அதைச் சற்றே தாண்டியது, வங்கியில் இருப்பு உண்டு. சோதனைப் பெட்டிக்கான 380 வெள்ளி (ரிங்கிட்) ஆடம்பரம் என்ற முணுமுணுப்பு என் காதுக்கும் வந்தது. பந்தல் கூடாரத்தின் ஒருநாள் வாடகை அதைவிட அதிகம். பதிவேட்டில் 112 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 24 வெள்ளி, அதாவது மாதம் இரண்டு வெள்ளி. கட்டியவர்கள் 47 பேர். மூன்றாண்டு பாக்கி வைத்திருப்போரின் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். பட்டியல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மண்டபம் தந்த ஆலய நிர்வாகத்துக்கும், பந்தலுக்கு உதவிய இளைஞர்களுக்கும், தணிக்கையாளர்களுக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

இவ்வாண்டும் நானே பொறுப்பில் தொடர வேண்டும் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். முட்டி வலியால் படியில் இறங்க முடியவில்லை. யாராவது முன்வந்தால் பெட்டியின் சாவியை இப்போதே கொடுக்கிறேன். முன்வராவிட்டால் என்ன செய்வேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆக்ஸிஜன் மருந்து ஏப்ரலில் காலாவதியாகிறது, புதிது வாங்க வேண்டும். அடுத்த அளவெடுப்பு மார்ச் 14, சனிக்கிழமை, மேல்பாலத்தடி. ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடி இருக்கின்றன, அளவு 6, 8, 9. ஒன்பதாம் நம்பர் ஆகஸ்ட் முதல் யாரும் போடாமல் கிடக்கிறது.