வரைபடத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான ஓல்டாம் பற்றிய கட்டுரையோடு, பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிட்ட அந்த ஊரின் பழைய வரைபடத்தின் மறுபதிப்பிலிருந்து ஒரு பகுதியை வெளியிட்டிருந்தீர்கள். ஆலைகள் எவ்வளவு நெருங்கி நின்றன என்பது பார்த்தவுடனே புரிந்தது. நல்ல தேர்வு. ஆனால் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டு, '1909இல் ஓல்டாம்' என்று மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த ஓரங்கள் இல்லாமல் இந்த வரைபடங்களைச் சரியாகப் படிக்க முடியாது.

திருத்திய, அதாவது மறுபடி களம் பார்த்துப் புதுப்பித்த, தாள்களின் ஓரத்தில் அளந்த ஆண்டு, திருத்திய ஆண்டு, வெளியிட்ட ஆண்டு என மூன்றும் இருக்கும். களத்தில் அப்போது என்ன இருந்தது என்பதற்குச் சான்று திருத்திய ஆண்டுதான். 1906இல் திருத்தி 1909இல் வெளியிட்ட தாளில், 1907இல் எழுந்த ஆலை இருக்காது. வேறு ஊரென்றால் மூன்று ஆண்டு பெரிய விஷயமில்லை. ஓல்டாமில் 1904 முதல் 1908 வரை புது ஆலைகள் மளமளவென்று எழுந்தன. வரைபடத்தில் இடம் காலியாகத் தெரிகிறதே என்று, ஆலை 1909க்குப் பிறகு வந்ததாக யாராவது எழுதிவிடக்கூடும்.

அடுத்து, வரைபடத்தின் அளவை விகிதம். மூல வரைபடம் 1:2500. அதில் ஒரு செ.மீ. என்பது 25 மீட்டர். கடைகளில் கிடைக்கும் மடிப்பு மறுபதிப்புகள் பெரும்பாலும் ஏறக்குறைய 1:4340 அளவுக்குச் சுருக்கப்பட்டவை. அவற்றில் ஒரு செ.மீ. 43 மீட்டருக்கு மேல். மூலத்தில் அச்சான 1:2500 என்ற எண் சுருங்கிய தாளிலும் அப்படியே நிற்பதுண்டு. அதை நம்பிக் கணக்குப் போட்டால் ஆலையின் பரப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சரிபார்ப்பது எளிது. முழுத் தாளில் வரைபடத்தைச் சுற்றியுள்ள சட்டக் கோடு கிழக்கு மேற்காக ஒன்றரை மைல், அதாவது 2,414 மீட்டர். சட்டத்தின் அகலத்தை செ.மீ.யில் அளந்து, 2,41,400ஐ அதால் வகுத்தால் கையிலுள்ள தாளின் உண்மையான அளவை கிடைக்கும். அகலம் 55.6 செ.மீ. என்றால் விடை 4,342.

மூலையில் உள்ள தாள் எண்ணும் வேண்டும். 97.6 என்றால், மைலுக்கு ஆறு அங்குல வரிசையின் 97ஆம் தாளை 16ஆகப் பிரித்ததில் ஆறாவது துண்டு. மேலிருந்து இரண்டாவது வரிசை, இடமிருந்து இரண்டாவது கட்டம். பக்கத்துத் தாள்களை இப்படித் தேடி ஒட்டலாம், ஆனால் அன்று ஓல்டாம் இருந்த லங்காஷயர் கவுண்டிக்குள் (மாவட்டத்துக்குள்) மட்டும். கிழக்கே இருக்கும் சாடில்வொர்த் அப்போது யார்க்‌ஷயரைச் சேர்ந்தது. இரு கவுண்டிகளும் வெவ்வேறு தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு வரையப்பட்டதால், எல்லையில் தெருக்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அதை அச்சுப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று: ஆலைகளை ஒட்டிக் காணப்படும் 'ரிசர்வாயர்' எல்லாம் குடிநீர்த் தேக்கம் அல்ல. நீராவி எஞ்சினில் நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சருக்குக் குளிர்ந்த நீர் தேவை. அங்கே சூடேறிய நீர் இந்தக் குளத்தில் ஆறி மறுபடி உள்ளே போகும். ஓல்டாமின் வெர்னத் பகுதியில் பரந்து கிடக்கும் ஹார்ட்ஃபோர்டு ஒர்க்ஸ் பஞ்சாலையே அல்ல. பிளாட் பிரதர்ஸின் நூற்பு இயந்திரத் தொழிற்சாலை. இந்திய ஆலைகளுக்கும் அங்கிருந்து இயந்திரங்கள் வந்தன என்பதால், நம் வாசகர்களுக்கு அதைக் கட்டாயம் அடையாளம் காட்டியிருக்க வேண்டும்.

உங்கள் அச்சகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்தத் தாள்களில் கட்டடங்களை நெருக்கமான சாய்கோடுகளால் நிரப்பியிருப்பார்கள். ஏற்கெனவே சுருங்கிய அந்தக் கோடுகளைப் புகைப்படம் போல ஸ்கிரீன் போட்டு, அதாவது சிறு புள்ளிகளாகப் பிரித்து, அச்சடித்தால், புள்ளிகளும் கோடுகளும் மோதி அலைஅலையான கறை விழும். படத்தில் பாதி ஆலைகள் அப்படித்தான் கறுத்துக் கிடந்தன. சாம்பல் நிறம் இல்லாமல், கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படமாக, 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்தால் கோடுகள் தெளிவாக விழும். இடம் போதாவிட்டால் தெருக்களில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவுகோலையும் ஆண்டு வரியையும் படத்தோடு சேர்த்தே சுருக்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்